விளக்கை அணையுங்கள் என்றவன்

அந்தப் பெண் பாறையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம். செருப்பு வழுக்கி விழுந்தார் என்று நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதியவனும் நான்தான். முதலாவது முட்டாள்தனம், இரண்டாவது அயோக்கியத்தனம். வயதைக் காட்டி இரண்டுக்கும் தள்ளுபடி கேட்கப் போவதில்லை. ஆறிப்போனதை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு பௌர்ணமி நடையில் சேர்ந்தேன். இங்கே இதற்கென்றே பல குழுக்கள் இருக்கின்றன. பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை மாலை தொம்மலூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வேன் வந்து நிற்கும். ஐ.டி. அலுவலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் ஏறுவார்கள். ராமநகரம் பக்கத்தில் ஒரு பாறை மலை. அடிவாரத்தில் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குவோம். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஒரு துணை ஆள், நடுவில் மற்றவர்கள். மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் கீழே ஏரி முழுவதும் தெரியும். நிலவு உயர்ந்துவிட்டால் பாறை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

முதலில் நானும் மற்றவர்களைப் போல நடக்க வந்தவன்தான். ஒருமுறை அடிவாரத்தில் கண்ணைப் பற்றி ஏதோ சொல்லப்போக, அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நடைகளை நடத்திய இளைஞன், "சார், இதை ஒவ்வொரு தடவையும் நீங்களே பேசிடுங்க" என்றான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் நிலா மாஸ்டர். கண்ணுக்குள் வெளிச்சத்துக்கு ஒரு வகை செல், இருட்டுக்கு ஒரு வகை செல். இருட்டுக்கானவை விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். ஒரே ஒரு டார்ச் எரிந்தாலும் அவ்வளவு பேருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "இப்ப எல்லாரும் லைட்டை அணைங்க" என்பேன். மரங்களுக்கு அடியில் கும்மிருட்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை தெரியும், புல் தெரியும், பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியும். "ஓ" என்று ஒரு குரல் எழும். கல்லூரியில் எந்த வகுப்பும் எனக்குத் தராத "ஓ" அது. அதற்காகவே மாதாமாதம் போனேன்.

அந்தப் பெண் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். விவேக் நகரில் வீடு, ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தனியாக வந்திருந்தார். எல்லாரும் விளக்கை அணைத்த பிறகும் அவர் கையில் போன் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொன்னேன். அணைத்தார். மரங்களைத் தாண்டியதும் மறுபடி எரிந்தது.

"ஏம்மா, அடிவாரத்துல நான் பேசினப்ப தூங்கிட்டியா?"

"இல்ல சார். எனக்கு ராத்திரியில தரை சரியாத் தெரியாது. சின்ன வயசுல இருந்தே."

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும். கண்ணு பழகணும். பயத்தை விடு."

"பயம் இல்ல சார், நிஜமாவே தெரியலை."

பின்னாலிருந்து ஒரு பையன், "அக்கா, நிலா மாஸ்டர்கிட்ட டிஸ்கஷனா? இன்டர்னல் மார்க் போயிடும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேகத்தைக் கொடுத்தது. கையை நீட்டினேன். "போனைக் குடு. மேல போனதும் தர்றேன்." அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொடுத்துவிட்டார். நான் அதை என் பையில் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருட்டுக்கான செல்கள் வேலையே செய்யாத கண்கள் உண்டு. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவை பழகாது. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படி ஒருவர் எதிரே வந்து நின்று வாய்விட்டுச் சொன்னபோது அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எடுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

பாறை இரண்டாகப் பிளந்திருக்கும் இடத்தில் அவர் காலை வெறும் காற்றில் வைத்தார். சத்தம் கேட்டு நாங்கள் திரும்பியபோது அவர் கீழே இடுக்கில் கிடந்தார். மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அத்தனை டார்ச்சும் ஒரே நேரத்தில் எரிந்தன, என்னுடையதும். நடத்துகிற இளைஞன் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். அந்தப் பெண் ஷூ போடவில்லை, வார் வைத்த செருப்பு போட்டிருந்தார். அது என் கண்ணில் பட்டது. "செருப்பு வழுக்கிடுச்சு" என்றேன். வலியில் துடித்துக்கொண்டிருந்த அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

மறுநாள் குழுவில் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: ஒருவர் விதிகளை மதிக்காமல் தவறான காலணியுடன் வந்ததால் அனைவருக்கும் சிரமம், இனி அப்படிப்பட்டவர்களை அனுமதிக்க இயலாது. ஆமோதிக்கும் கட்டைவிரல் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் குழுவிலிருந்து வெளியேறினார்.

சில மாதங்கள் கழித்து, விவேக் நகரில் தேவாலயத்துக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையில் அவரை எதிரே பார்த்தேன். நழுவிவிட நினைத்தேன். அவர் விடவில்லை.

"சார், கை சரியாயிடுச்சு. கண்ணுதான் சரியாகாது. விழித்திரையில கோளாறாம், வருஷம் போகப் போகக் குறையுமாம். அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னே."

"நிலா எனக்கு நல்லாத் தெரியும் சார். தரைதான் தெரியாது. தெரியிற அந்த நிலாவையாவது மலை மேல ஏறிப் பாக்கணும்னு வந்தேன். இப்ப வீட்டுக்காரர் விட மாட்டேங்கிறார். நீங்க எழுதினதைப் போன்ல வச்சிருக்கார். பேச்செடுத்தா அதைத்தான் நீட்டுறார். 'காலேஜ் வாத்தியாரே எழுதியிருக்காரு, நீ சொன்ன பேச்சு கேக்காதவ'ன்னு."

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மாலை, நடைக்குழுவின் பதிவேட்டில் முகவரி பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன், அவருடைய கணவரிடம் உண்மையைச் சொல்ல. சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பினேன். கணவர் கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, முழுவதையும் கேட்டார். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு சார், நீங்களே வந்து சொன்னது. செருப்புன்னா வேற செருப்பு வாங்கிக் குடுக்கலாம். படிச்ச பெரிய மனுஷன் நீங்களே இப்படின்னா, ராத்திரியில யாரை நம்பி மலைக்கு அனுப்புறது? நான் என்ன, வேணும்னேவா தடுக்குறேன்? பயமா இருக்கு சார்."

காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெண் என்னைத் தெரு வரை கொண்டுவந்து விட்டார். வழியனுப்ப என்று நினைத்தேன். திட்டுவதற்கு.

"யாரைக் கேட்டு வந்தீங்க? அவர்கிட்ட இருந்த ஒரு காரணத்தை எடுத்துட்டு அதைவிடப் பெரிய காரணத்தைக் குடுத்துட்டுப் போறீங்க. பொய் சொன்னது எங்க? மலையில. அத்தனை பேர் முன்னாடி. உண்மையை மட்டும் எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து சொல்றீங்க. அங்க போய்ச் சொல்ல முடியுமா உங்களால?"

முடியும் என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது சரி. எனக்கு எதுவும் குறையாத இடமாகப் பார்த்து உண்மையைச் சொல்லியிருந்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வேனில் ஏறினேன். அடிவாரத்தில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நான் என்ன பேசப் போகிறேன் என்று நடத்துகிற இளைஞனிடம் முன்னதாகவே சொல்லிவிட்டேன். அவன் பதறிப்போய்க் கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தான்.

"பேட சார், வேண்டாம். எல்லாரும் மறந்துட்டாங்க. புதுசா வந்தவங்க பயந்துடுவாங்க. உங்க பேரும் கெட்டுப்போகும் சார்."

"கெடட்டும்ப்பா. இத்தனை நாள் கெட்டுக் கிடந்தது அந்தப் பொண்ணு பேர்தானே?"

செல்களைப் பற்றிப் பேசவில்லை. போனைப் பிடுங்கியதைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன், எழுதியதைச் சொன்னேன். ஒருவர் இருட்டில் தெரியவில்லை என்று சொன்னால் நம்புங்கள், நிலா மாஸ்டர் சொன்னாலும் அணைக்காதீர்கள் என்றேன். யாரும் "ஓ" என்று சொல்லவில்லை. ஒரு பையன் மெதுவாக, "அப்ப இன்னைக்கு லைட் போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டான். போட்டுக்கொள் என்றேன். அன்றைய நடை நன்றாக இல்லை. பாதி பேர் வெளிச்சத்தோடும் பாதி பேர் எரிச்சலோடும் ஏறினார்கள். அதற்காக நான் வருந்தவில்லை.

திரும்பும் வழியில் வேனில் இளைஞன் என் பக்கத்தில் உட்கார்ந்து, இனி நான் வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னான். வேறு குழுக்களைக் கேட்டுப் பார்த்தேன். என் வயதைக் கேட்டதும் இடமில்லை என்றார்கள். எழுபதைத் தாண்டியவன் இரவில் பாறை ஏறக் கூடாதாம். என் முழங்கால் அவர்களைக் கேட்டு நடப்பதில்லை. ஆனாலும் வேன் இல்லாமல் அந்த மலைக்குப் போக எனக்கு வழியில்லை. மொட்டை மாடிக்குப் போனால் எதிர் அடுக்ககம் நிலவை மறைக்கிறது.

இரண்டு பௌர்ணமி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் போன் செய்தார்.

"மலைக்குப் போயிட்டு வந்தேன் சார். நீங்க பேசினப்ப அங்க இருந்த ஒரு பொண்ணு எங்க ஆபீஸ். அவதான் கூப்பிட்டா. டார்ச்சோட போனேன், ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வீட்டுல சண்டை. அது என் சண்டை. நீங்க உள்ள வராதீங்க."

"வரலைம்மா."

"நீங்க பேசினதுக்கு நன்றி சொல்லணுமாம், அந்தப் பொண்ணு சொல்றா. எனக்குச் சொல்லத் தோணலை."

"வேண்டாம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் பதில் சொல்லும் வேலையையும் அவர் தலையில் கட்டுவதாகிவிடும். அடக்கிக்கொண்டேன். அடுத்த மாதமும் போகப் போவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.