ஒட்டகத்தின் இரண்டு நாள், தோணியின் மூன்று நாள்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு மருமகன் வந்தால், கலியாணம் முடிந்த மாதத்திலேயே அவனைத் தோணியில் ஏற்றி மூன்று நாள் வாவியில் கொண்டுபோவோம். கிட்டங்கித் துறையில் ஏறி, வடக்கே மண்முனைத் துறை வரைக்கும். மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நாங்கள் தூண்டில் போட்டு, மணல்திட்டுகளில் இறங்கிச் சமைத்து, படுத்தெழும்பி, சண்டை பிடித்துக்கொண்டு போவோம். தொடங்கியவர் என் வாப்பாவின் வாப்பா, எங்கள் மூத்தவாப்பா. ஏன் தொடங்கினார் என்று யாருக்கும் தெரியாது. என் அரச சேவைக்காலத்தில் கையாண்ட சுற்றறிக்கைகளில் பலவும் அப்படித்தான்.

இந்தப் பயணத்தில் நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுவதும் வழக்கம். பயணிக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை உண்டு. இரண்டு நாள் பயணத்தூரம் போனால் போதும். எங்களுக்கோ மூன்று நாள் எடுக்கிறது. ஆகவே ஒரு நாள் மேலதிகமாகவே நாங்கள் பயணிகள் என்று மூத்தவாப்பா தீர்த்துவிட்டார். வாப்பா அதை ஏற்றார். வாப்பா மௌத்தான பிறகு தோணிக்குத் தலைவரான என் அண்ணன் காக்காவும் ஏற்றார்.

ஓய்வுபெற்ற பிறகு பரிசீலிக்க எனக்குக் கோவைகள் இல்லை. எனவே இதைப் பரிசீலித்தேன். இரண்டு நாள் என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் நடக்கும் இரண்டு நாள். எங்கள் குடும்பத்தின் இரண்டு நாள் அல்ல. ஒட்டகம் வழியில் தூண்டில் போடாது. தொலைபேசி வரைபடத்தில் அளந்தால், எங்கள் பயணம் அந்தத் தூரத்தில் பாதிகூட வரவில்லை.

காக்காவின் கடைசி மகளுடைய மாப்பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு கிழமை இருந்தபோது இதைச் சொன்னேன். வேறு யாராவது கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.

"வாப்பாவும் இப்பிடித்தானே தொழுத?" என்றார் காக்கா.

"ஓம்."

"அப்ப வாப்பா மௌத்தானது அரைத் தொழுகையோடயா?"

இருவரும் பள்ளிவாசல் மௌலவியிடம் போனோம். என் மகன் வயதுள்ள அவர் வரைபடத்தைப் பார்த்து, வந்த சிரிப்பை இருமலாக்கிக் கொண்டார்.

"தெரியாமச் செஞ்சவங்கட விசயத்த அல்லாஹ் பாத்துக்குவான். தெரிஞ்ச பொறகு நாலுதான்."

வெளியே வந்து செருப்பைப் போடும்போதே காக்கா தொடங்கினார். "தெரியாம இரிந்திரிந்தா தப்பியிரிப்பம். நீதானேடா தெரிய வெச்ச!"

இனித் தோணியே இல்லை என்றார். கவிழ்த்து வைத்த தோணியின் மேல் வீட்டுக்கோழிகள் குடியேறின. பொத்துவிலிலிருந்து வந்த மாப்பிள்ளை என்னிடம் வந்து, "சின்ன மாமா, நான் லீவும் போட்டுட்டன்" என்று முறையிட்டான். போட்ட விடுப்பை ரத்துச்செய்யும் முறையை விளக்கினேன். அவன் கேட்டது அதையல்ல போலும்.

நான்காம் நாள் காக்கா என் வாசலுக்கு வந்தார். "வா. நாலு ரக்அத்துத்தான். ஆனா என்னோட கதைக்காத."

முதல் நாள் முழுவதும் மாப்பிள்ளை நடுவில் இருந்து தபால் வேலை பார்த்தான்.

"மகன், உங்கட சின்ன மாமாட்டச் சொல்லுங்க, சவள் தண்ணிக்குள்ள போனாத்தான் தோணி போகும் எண்டு."

"சின்ன மாமா, சவள்..."

"கேட்டிச்சி," என்றேன்.

இரண்டாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு ஒரு மணல்திட்டில் இறங்கினோம். தோணியை நாங்கள் ஒருபோதும் கட்டுவதில்லை. முன்பக்கத்தை மணலில் இழுத்துவிடுவோம். இரண்டு ரக்அத்துக்கு அது போதும். காக்கா முன்னுக்கு நின்று தொழுவித்தார். இரண்டாம் ரக்அத் முடிந்து மூன்றாவதற்கு எழும்பியபோது கடல்காற்றும் எழும்பியது. தோணி மெல்ல மணலை விட்டுக் கழன்று, நாங்கள் நோக்கி நின்ற கிப்லாப் பக்கமாகவே புறப்பட்டது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சோறு, கறி, தண்ணீர், தொலைபேசிகள் எல்லாம் அதில்.

உடைமை அழியப்போகும்போது தொழுகையை முறிக்கலாம். அதற்கும் விதி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் நான்குதான் என்று நின்றவன் மூன்றாவதில் ஓடுவதா? காக்கா வேண்டுமென்றே நீட்டி ஓதுவதாக எனக்குத் தோன்றியது. லுஹரில் சத்தமில்லாமல் ஓதுவதால் நிரூபிக்க வழியில்லை.

முறித்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போய்த் தோணியைப் பிடித்து இழுத்துவந்து, ஈரச் சாரனோடு தனியாக நான்கு ரக்அத்தையும் முதலிலிருந்து தொழுதேன். முடிக்கும் வரைக்கும் அவர்கள் சோற்றில் கை வைக்கவில்லை.

"வாப்பா ரெண்டு தொழுத காலத்தில தோணி ஒருநாளும் போகல்ல," என்றார் காக்கா. இரண்டு நாளில் என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை. பிறகு குரல் இறங்கியது. "தம்பி, உனக்குத்தானே எல்லாச் சட்டமும் தெரியும். வாப்பாட தொழுகையில குறையில்ல எண்டு எழுதித் தா."

அதிகாரமில்லாத எந்தக் கடிதத்திலும் நான் ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை. இது என் அதிகாரத்துக்கு மட்டுமல்ல, எந்த அமைச்சின் அதிகாரத்துக்கும் அப்பாற்பட்டது. பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்து, வாப்பாவின் பெயரை முழுதாக எழுதி, அன்னார் தூரம் தெரியாமலேயே தொழுதார் என்றும் அவர்மீது குறை எதுவும் இல்லை என்றும் எழுதித் திகதியிட்டுக் கையெழுத்து வைத்தேன். மாப்பிள்ளை சாட்சிக்கு ஒப்பமிட்டான்.

காக்கா இரண்டு தரம் வாசித்தார். "சீல் இல்லயே," என்றார். பிறகு மட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்குச் சோறு போட்டார்.