அரிசி நனையாமல் ஆறு கடந்த கதை

நான் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். பெரிய பொய் எதுவும் இல்லை. வயது, படிப்பு, தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை எல்லாம் சொன்னது சொன்னபடி உண்மைதான். எழுபதுகளின் கடைசியில் சிவகிரிக்குப் பெண் பார்க்கப் போன அன்று, நான் கேசரித் தட்டைக் கீழே வைக்கிற நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா கேட்டார்: "தம்பிக்கு ஆத்துத் தண்ணி பழக்கம் உண்டுமா?" கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அதெல்லாம் நல்லாவே உண்டு என்று சொல்லிவிட்டேன்.

சங்கரன்கோவில்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? நாங்கள் நீச்சல் பழகியதெல்லாம் கிணற்றில். இடுப்பில் கயிற்றைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ன ஆனாலும் கயிற்றை விடாதே என்பதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். அப்படிப் பழகி, மேட்டிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளி வருகிற அளவுக்கு நான் கெட்டிக்காரன். ஆனால் கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓடுகிற தண்ணீரில் நான் முழங்கால் நனைத்ததுகூடக் கிடையாது.

கேள்விக்கான காரணம் நிச்சயதார்த்தப் பந்தியில்தான் தெரிந்தது. அவர்களுடைய குலசாமி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஆடி அழைப்புக்கு வருகிற புது மாப்பிள்ளை, பொங்கல் அரிசியை ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். பாலம் இருக்கிறதே என்றால், அது பஸ்ஸுக்கு, மாப்பிள்ளைக்கு இல்லை என்பார்கள். அரிசி நனையக் கூடாது. ஒரே ஒருவர் நனைத்தார். பெண்ணுடைய அத்தையின் கணவர் அவர். நடு ஆற்றில் கால் வழுக்கிவிட்டது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை, வேறு அரிசியில் பொங்கலும் வைத்தார்கள். ஆனால் பத்து வருடமாக அந்த வீட்டில் அவருக்குப் பெயர் 'ஈர அரிசி'. இதையெல்லாம் எனக்குச் சொன்னவரே அவர்தான். பக்கத்து இலையில் உட்கார்ந்து, அடுத்த ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு சொன்னார். நான் பாயசத்தோடு இலையை மூடிவிட்டேன்.

கல்யாணம் ஆனிக் கடைசியில். அதற்கு மூன்று வாரம் முன்பு என் இரண்டு சிநேகிதர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். எதையும் பஞ்சர் ஒட்டுவதுபோல் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். இன்னொருவன் இரும்புக்கடைக்காரர் மகன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் வாரம் முழுவதும் முகம் வாடிக் கிடப்பவன். சைக்கிள் கடைக்காரன் சலூனில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தான். பனி உருகி ஆறு நுரைத்துக்கொண்டு வர, வெள்ளைக்காரர்கள் மீன் மாதிரி ஒடுங்கிய படகில் இடுப்பளவு உள்ளே உட்கார்ந்து, கையில் துடுப்போடு சிரித்துக்கொண்டே வருகிற படம். "அங்கன பனி உருகுனா ஆறு வருது, இங்கன மலையில சாரல் அடிச்சா வருது. தண்ணி தண்ணிதானவே" என்றான். ரெண்டு நாள் அப்படி ஆற்றின் முதுகில் ஏறிச் சவாரி செய்துவிட்டால், அப்புறம் நடந்து கடப்பது தூசு என்பது அவன் கணக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

படகுக்கு ஒரு லாரி டியூப். துடுப்புக்கு ரெண்டு தென்னை மட்டை. எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு கயிறுதானே, அதற்காக எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை வாளியிலிருந்து அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். அம்மா அறுந்த இடத்தில் நீலத் துணி சுற்றி முடிந்து வைத்திருந்த கயிறு. வீட்டில் திருவேங்கடம் ஊருக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறேன் என்று சொல்லியாயிற்று. ஒரு பொய் சொன்னால் அதற்குத் தங்கச்சி தம்பி எல்லாம் பிறக்கத்தான் செய்கிறது.

சனிக்கிழமை காலை சிவகிரி பஸ் ஏறினோம். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதால் ஊருக்குள் இறங்காமல், மலையடிவாரத்துக்கே நடந்து போனோம். ஊர் ரெண்டு மைல் கீழே இருந்தது. இங்கே எவன் வரப்போகிறான் என்று மூன்று பேரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆறு ஊருக்குத்தான் போகிறது என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிணற்றில் வளர்ந்தவர்களுக்கு அது தோன்றாது.

தலைக்கு மேலே சுள்ளென்று வெயில், ஒரு சொட்டு மழையில்லை. மலை உச்சி மட்டும் கருத்துக் கிடந்தது. ஆறோ டீ நிறத்தில், பாறைக்குப் பாறை முட்டி நுரைத்துக்கொண்டு வந்தது. சைக்கிள் பம்பால் லாரி டியூபுக்குக் காற்றடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. படத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் இவ்வளவு மூச்சு வாங்கியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் நான் கற்றது, டியூபிலிருந்து எத்தனை விதமாக விழலாம் என்பது. முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், உட்காராமலே விழுந்தேன். கிணற்றுப் பழக்கத்தில் மேலேயிருந்து தொபுக்கென்று குதித்ததில், தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று முழங்காலுக்கே தெரிந்தது. தென்னை மட்டையால் வலது பக்கம் தள்ளினால் டியூப் ராட்டினம் மாதிரிச் சுற்றியது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மாட்டை ஓட்டுகிறவர்கள்போல் மற்ற இருவரும் கரையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் கயிறு வரிவரியாக அறுத்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் தெரிந்த ஒருவரின் மாந்தோப்புக் கொட்டகையில் பரோட்டாவைப் பிரித்தபோது, மூன்று பேரும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக உடம்பு வலித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு ஏறியிருந்தது. இரும்புக்கடைக்காரர் மகன் ஒரு பாறையில் முழங்காலிட்டு சர்ச்சில் செய்ய வேண்டிய ஜெபத்தை அங்கேயே செய்தான். எனக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டதாகச் சொன்னான். முந்திய நாள் வலியால் கயிற்றை இடுப்பில் கட்டாமல், நுனியைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காக்கி அரை டிராயரும் தலையில் துண்டுமாக டியூபில் உட்கார்ந்தேன்.

ஐம்பது கெஜம் நன்றாகத்தான் போனேன். படத்தில் இருந்தவர்களைப் போலச் சிரிக்கக்கூடச் செய்தேன். அந்த நேரத்தில் சைக்கிள் கடைக்காரன் கருவேலமுள்ளை மிதித்து உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் அவன்மேல் தடுக்கி விழுந்தான். கயிற்றின் அந்த நுனி என் பின்னாலேயே ஆற்றில் குதித்து வந்துவிட்டது.

அதன் பிறகு நான் ஓட்டவில்லை, ஆறுதான் ஓட்டியது. மட்டை போனது, துண்டு போனது. தென்னந்தோப்பும் பம்புசெட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தன. ஒரு திருப்பத்தில் துவைக்கிற கல்லும் சேலைகளும் பெண்களும் தெரிந்ததும்தான், ஆறு ஊருக்குப் போகும் என்பது உறைத்தது. அதே நேரத்தில் பின்னால் வந்த கயிற்று முடிச்சு இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. டியூப் என்னை விட்டுவிட்டு முன்னால் போனது. நான் கயிற்றின் நுனியில் தொங்கினேன்.

தண்ணீர் தலைக்கு மேலே ஏறியது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ அவ்வளவு உள்ளே இழுத்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாடம் கயிற்றை விடாதே என்பது. ஆகவே இன்னும் இறுக்கினேன். செத்துவிடுவேன் என்று உண்மையாகவே நினைத்தேன்.

தலை ஒரு கணம் வெளியே வந்தபோது ஒரு பெண் குரல் கேட்டது. கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வது போலச் சொன்னது.

"கயித்த விடுங்க. பிடிச்சா முங்கிருவிய, விட்டா கரைக்கு வந்திருவிய."

இருபத்தாறு வருடப் பாடத்தை மீறி விட்டேன். ஆறு என்னைப் பத்தடி புரட்டி, துவைக்கிற கல்லுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டது. எழுந்து நின்றால் தண்ணீர் தொடை அளவுதான்.

இருமி முடித்து நிமிர்ந்தபோது, பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி அந்தப் பெண்ணிடம், "ஏட்டி, இது ஒன் மாப்பிள்ளைல்லா?" என்றாள். பெண் பார்த்த அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இப்போது நேராக என்னைப் பார்த்தது. நான் காக்கி டிராயரில் நின்றேன். மறுபடி ஆற்றிலேயே குதித்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவள் துவைத்த துணியிலிருந்து ஒரு வேட்டியை உருவி என் பக்கம் வீசினாள். தோப்பு வழியாக ஏறிப் போகச் சொன்னாள். "அப்பா வார நேரம்" என்றாள். அவ்வளவுதான். ஈர வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

கல்யாணம் வரை சிவகிரி பஸ் வருகிற நேரமெல்லாம் வாசலில் போய் நின்றேன். மாப்பிள்ளை பொய் சொல்கிறவர், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல யாராவது இறங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆபீசில் எழுதிய காகிதங்களில் ஊர் பெயரையே மாற்றி எழுதினேன். அம்மாவோ கிணற்றுக் கயிறு களவு போன துக்கத்தில் தெருவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. கல்யாணத்துக்கு முந்திய நாள் சீர்வரிசைதான் வந்தது. குத்துவிளக்கு, அண்டா, பழத்தட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தாம்பாளத்தில் நன்றாகத் துவைத்துக் காயவைத்து, வட்டமாகச் சுற்றி, மஞ்சள் தடவிய கயிறு. நீலத் துணி முடிச்சைக் காணோம், அதை மட்டும் அவிழ்த்துவிட்டுப் புது முடிச்சுப் போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஆழக் கிணறு, கயிறு வேணும் என்று பெண்ணே சொல்லி வைக்கச் சொன்னாளாம். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நம் வீட்டில் கயிறு இல்லாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது, பார்த்தாயா, மகாலட்சுமிதான் என்றாள். நான் சிரிப்பை அடக்க வாளியோடு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஆடி வந்தது. பனை ஓலைப்பெட்டி நிறைய அரிசியோடு நான் ஆற்றங்கரையில் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஈர அரிசி மாமா நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இடுப்புக்கு ஓடியது. ஒரு கை பெட்டியில், ஒரு கை காற்றில். ரெண்டடி வைத்ததுமே நின்றுவிட்டேன். அப்போது அவள், சாமிக்கு எண்ணெய் கொண்டுபோகணும்லா என்று பொதுவில் சொல்லிவிட்டு, எண்ணெய்த் தூக்கோடு என் பக்கத்தில் இறங்கினாள். பெண் கூடவே வரலாமா என்று யாரோ கேட்டார்கள். வரக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்ததில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

சும்மா இருந்த என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் ஆற்றில் கயிற்றைப் பிடித்த அதே பிடியாகப் பிடித்திருக்கிறேன்.

"இம்புட்டு இறுக்காதிய, வலிக்கி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "காலைத் தூக்காம தேச்சுத் தேச்சு வாங்க. நான் எங்கனயும் போகல."

தேய்த்துத் தேய்த்துப் போனேன். மற்றவர்களெல்லாம் பாலத்தில் வந்து சேர்ந்திருந்த அக்கரையில், ஈர அரிசி மாமா முதல் ஆளாக வந்து பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். காய்ந்த அரிசிதான் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மாமனார் அரிசியைப் பார்க்கவில்லை. என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் நனைய ஒரு பழைய வேட்டி போதும் என்று அம்மா என் துணிப்பெட்டியில் எடுத்து வைத்தது. நானும் பார்க்காமல் உடுத்தியிருந்தேன். ஓரத்தில் பீடி நெருப்பு பட்ட சின்ன ஓட்டையை அப்போதுதான் கவனித்தேன்.

"இதே மாரி ஒண்ணு எனக்கும் கிடந்துச்சு மாப்ள" என்றார். "இதே எடத்துல பீடி ஓட்டையோட. ஆனி மாசம் துவைக்கையில ஆத்தோட போயிட்டுன்னு வந்து நின்னா இவ."

அவள் பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலேயே ஊதினாள். அடுப்பு எப்போதோ பற்றிவிட்டிருந்தது. நான் ஒரு பொய் சொன்னேன். அதை மறைக்க, என்னை ரெண்டு மூன்று தடவைதான் பார்த்திருந்தவள், அதிலும் ஒரு தடவை காக்கி டிராயரில் பார்த்தவள், தன் அப்பாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். தாலி கட்டிய அன்றுகூட எனக்கு அப்படிக் கண் கலங்கவில்லை. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வேட்டியை வீட்டுக்குப் போனதும் கொடுத்துவிடுகிறேன் என்று ஏதோ உளறினேன். மாமனார் அவளை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்.

"ஆத்துல வந்தத வேண்டாம்னு சொல்லக் கூடாது மாப்ள. நீங்களே உடுத்துங்க" என்று சொல்லிவிட்டு, அரிசி களையத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.