கேப்டன் இராயப்பனின் மூத்த மகன்

கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு, என்பார்கள். இராயப்பன் பிரெஞ்சு இராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கேப்டனாக ஓய்வுபெற்றவர். எந்த நாட்டு முகாமில் இருந்தாலும் ஞாயிறுதோறும் மனைவி ஓதெத்துக்குக் கடிதம் எழுதினார். குடிப்பழக்கம் கிடையாது. குடும்பத்துக்காக எதையும் செய்வார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான்.

1979இல் அவர் ஜிபுத்தியில் இருந்தபோது, மூன்று வயது மகன் ஃபிலிப் இங்கே காய்ச்சலில் இறந்தான். அதே ஆண்டு அவருடைய அண்ணனும் அண்ணியும் பஸ் விபத்தில் போனார்கள். அவர்கள் மகன் அருளுக்கும் மூன்று வயது. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுக்க அண்ணன் சோம்பல்பட்டதால், பையனிடம் பிரெஞ்சுக் காகிதம் எதுவும் இல்லை. விடுமுறையில் வந்த இராயப்பன், தன் மகன் இறந்ததைத் தூதரகத்தில் பதியவில்லை. அவனுடைய காகிதங்களை வைத்து அருளை ஃபிலிப் ஆக்கினார்.

“பேர் என்ன?” என்று முற்றத்தில் நிறுத்திக் கேட்பார். அருள் என்றால் அடுத்த வேளைச் சோறு கிடையாது. ஐந்தாம் நாள் பையன் சரியாகச் சொன்னான். இராயப்பன் அவனைத் தூக்கி முத்தமிட்டார்.

ஓதெத் அந்தப் பையனைப் பிரான்சில் வளர்த்தாள். அங்கே ஸ்டெஃபனி பிறந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இறந்த மகனுக்கு உப்பளம் கல்லறையில் பெயர் எழுதாத ஒரு சின்னக் கல் மட்டும் இருந்தது. பெயர் எழுதினால், பொறாமைக்காரச் சொந்தம் யாராவது தூதரகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும்.

இராயப்பன் ஓய்வுபெற்றபின் இருவரும் ஊர் திரும்பினார்கள். எழுபத்தொரு வயதில், நடக்க முடியாமல் போனபின், ஓதெத் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தக் கல்லுல எம் புள்ள பேர எழுதுங்க. நான் இருக்கறப்பவே.”

“எழுதறேன்.”

ஒரு மாதம் கழித்து, எழுதியாச்சு என்றார்.

“எப்படி எழுதியிருக்கு?”

“கறுப்புக் கல்லு. வெள்ளை எழுத்து.”

அன்று அவள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, விடுமுறையில் வந்திருந்த ஸ்டெஃபனி அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து உப்பளத்துக்கு அழைத்துப் போனாள். பின்னால் பூவும் மெழுகுவத்தியுமாக இராயப்பன் வந்தார். வேண்டாம் என்று வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தார்.

ஓதெத் குனிந்து கல்லைத் தடவினாள். பழைய கல்தான்.

“இங்க ஒண்ணுமே இல்லியே.”

“இருக்கற புள்ளையக் காப்பாத்தணும் ஓதெத்.”

“அவன் உங்க அண்ணன் புள்ள. எம் புள்ள இங்க கெடக்கறான்.”

ஸ்டெஃபனி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “பப்பா, மம்மா என்ன சொல்றாங்க?”

அங்கேயே, தாழ்ந்த குரலில், இராயப்பன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பக்கத்துச் சமாதிக்காரர்கள் பூ அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் லியோனிலிருந்து மகன் பேசினான். ரயில்வே பொறியாளர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். திரையில் அவன் முகம் தெரிந்தது.

“மம்மா, நான் ஃபிலிப்.”

“ஃபிலிப் செத்துட்டான். நீ யாரு?”

இராயப்பன் போனை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு அசதி என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. வேலைக்காரியிடம் சொன்னாள். நற்கருணை கொண்டுவந்த சாமியாரிடம் சொன்னாள். மறுவாரம் இராயப்பன் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

“ஞாபகம் தப்புது டாக்டர். உசுரோட இருக்கற புள்ளைய செத்துட்டான்னு சொல்றா.”

“இன்னைக்கு என்ன கிழமைம்மா?” என்றார் டாக்டர்.

“புதன். இவர் பொய் சொல்றார். எம் பொண்ணக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்.”

டாக்டர் ஸ்டெஃபனியைப் பார்த்தார். ஸ்டெஃபனி கைப்பையைப் பார்த்தாள். லியோனில் அந்த மூன்று பிள்ளைகளும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“ஆமாம் டாக்டர். கொஞ்ச நாளா இப்படித்தான் பேசறாங்க.”

டாக்டர் மாத்திரை எழுதினார். இராயப்பன் மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.