உடையாத கிட்டார்

அந்த நான்கு வெள்ளைக்காரர்களின் பாட்டு எனக்குப் பிடித்ததே இல்லை. பாட்டா அது? தகரக் கொட்டகைமேல் கல்லெறிந்த மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் மவுசு எப்படி இறங்கியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பெட்டி சுமந்தவன் நான். துபாயில் மேடை போடும் கம்பெனி ஒன்றில் ஹெல்பர். முதல் குளிர்காலம் வந்தபோது நாற்பது பெட்டி, கூடவே அவர்கள் ஊர் வேலையாட்கள் எட்டுப் பேர். அடுத்த வருடம் பெட்டி பாதியாகக் குறைந்தது. மூன்றாவது தடவை ஆறே பெட்டி, வேலையாள் ஒருவனும் இல்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் புல்தரையில், வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் பாட வந்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் அவர்களின் ஒரே ஒரு பாட்டு இங்கிலாந்து ரேடியோவில் ஓடியதாம். அதை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாடுகிறவனும் கிட்டார்க்காரனும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள் என்று ஃபோர்மேன் பாய் சொன்னார். நல்ல சிநேகம் போங்கள். இரண்டாவது வருடம் மேடைக்குப் பின்னால் ஒருவன் பாட்டிலை எறிந்தான், மற்றவன் அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். என் கண்ணால் பார்த்தேன். கச்சேரி நடக்கும்போது ஹெல்பர்கள் மேடைப் பக்கம் வரக்கூடாது. லாரி மறைவில் உட்கார்ந்திருப்போம். முடிந்ததும் கூப்பிடுவார்கள். போனால் இரண்டு வருடமும் மேடையில் ஒரு கிட்டார் கழுத்து முறிந்து கிடந்தது. மேடையிலும் அடித்துக்கொண்டான்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பெருக்கினேன்.

அந்த மூன்றாவது வருடம் என் நிலைமை சரியில்லை. முந்தின மாதம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி சரிந்து விழுந்து உடைந்தது. லாரியில் பெல்ட்டைச் சரியாக மாட்டாதவன் டிரைவர், மாட்டிக்கொண்டவன் நான். எது உடைந்தாலும் ஹெல்பர் தலைதான்.

"இன்னொரு டேமேஜ் வந்துச்சுன்னா என் கையில ஒன்னும் இல்லடா" என்றார் பாய். கீழக்கரைக்காரர், கெட்ட மனுஷன் இல்லை. "விசா புதுப்பிக்க மாட்டாங்க. கேன்சல். ஊருக்குப் போக வேண்டியதுதான்."

எந்த ஊருக்கு? பரமக்குடியில் அப்பாவின் மரப்பட்டறையில், சுத்தியல் பிடியால் அப்பாவின் மண்டையைப் பிளந்துவிட்டு வந்தவன் நான். அவர் பிழைத்துக்கொண்டார். அண்ணன்மார் இரண்டு பேரும் என்னைக் கண்டால் வெட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். சும்மா சொல்கிற ஆட்கள் இல்லை.

அன்று மத்தியானம் மேடையோரம் பெட்டிகளை அடுக்கும்போது, ஸ்டாண்டில் நின்ற ஒரு கறுப்புக் கிட்டாரைப் பார்த்தேன். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில், பின்பக்கம், முக்கால்வாசி அறுந்திருந்தது. கம்பிகளும் தொளதொளவென்று கிடந்தன. லாரியில் இறக்கும்போது எதிலோ மாட்டி அறுபட்டிருக்கிறது, இறக்கியவன் நான். பாயிடம் சொன்னால் ரிப்போர்ட் எழுதுவார். சொல்லவில்லை. தச்சன் மகன்தானே, மேடைக்கடியில் எடுத்துப் போனேன். வெட்டில் பசை இறக்கி, பின்னால் இரும்புப் பட்டை வைத்து, நான்கு ஸ்க்ரூ முடுக்கி, கறுப்பு பெயிண்ட் தடவினேன். வெயில் சூட்டில் ஒரு மணி நேரத்தில் இறுகிவிட்டது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

அதே நேரம் ஓய்வறையில் இரண்டு பேருக்கும் சண்டை. நாற்காலி பறந்தது. "கொன்றுவிடுவேன்" என்று கிட்டார்க்காரன் இங்கிலீஷில் கத்தியதை ஹோட்டல் பையன்கள் மூன்று பேர் கேட்டார்கள். எங்களுக்கும் கேட்டது.

வெயில் இறங்கும் நேரத்தில் கடைசிப் பாட்டு. திடீரென்று மைக்கில் மடாரென்று ஒரு சத்தம், உரலில் உலக்கை விழுந்த மாதிரி. பாட்டு நின்றது. பெண்கள் அலறினார்கள். "யல்லா, ஓடியாங்க" என்று பாய் கூப்பிட, ஓடினோம். பாடுகிறவன் குப்புறக் கிடந்தான். காது கிழிந்து தொங்கியது, தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. பலகையெல்லாம் ரத்தம். கிட்டார்க்காரன் கையில் என் கிட்டார், முழுசாக. அவன் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் தோன்றியது, நம்ம ஒட்டு நின்றுவிட்டதே என்ற சந்தோஷம்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு போலீஸ் கிட்டார்க்காரனை விசாரித்தது. அவன் அழுதுகொண்டே சொன்னதைப் பக்கத்தில் நின்ற பாய் தணிந்த குரலில் எங்களுக்குச் சொன்னார்.

"இது ஆட்டமாம்டா. ஒவ்வொரு கச்சேரியிலயும் கடைசில ஒரு கிட்டாரைப் பாடுறவன் தோள்ல அடிச்சு உடைப்பானாம். அப்பளம் மாதிரி நொறுங்கணும்னு இவனே ரம்பத்தால அறுத்து வச்சானாம்."

போலீஸ்காரர் கிட்டாரைத் திருப்பி, இரும்புப் பட்டையை விரலால் தட்டிக் காட்டினார். வேண்டுமென்றே பலப்படுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். ஓய்வறைச் சண்டையைக் கேட்டவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள்.

பாய் அந்தப் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் மேடைக்குப் போடும் பட்டை அது.

"பாய், நான் வந்து..." என்றேன்.

"வாயத் தொறக்காத" என்றார் தரையைப் பார்த்தபடி. "தொறந்தா நீ மட்டுமில்ல, நானும் உள்ள போவேன். பெட்டிய ஏத்து."

கிட்டார்க்காரனைக் கூட்டிப் போனபோது அவன் எங்கள் வரிசை முன்னால் நின்றான். யார் இதைச் செய்தது, யாராவது சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் விரலில் பசையும் பெயிண்டும் காய்ந்திருந்தன. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்தக் கோஷ்டி அதோடு முடிந்தது. பாடுகிறவனுக்கு ஒரு காது போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மற்றவன் எத்தனை நாள் ஜெயிலில் கிடந்தான் என்று தெரியாது. விசாரிக்கப் போனால், உனக்கெதற்கு என்று கேட்பார்களே, அந்தப் பயம்.

அடுத்த மாதம் என் பாஸ்போர்ட்டில் இன்னும் மூன்று வருடத்துக்கு விசா அடித்தார்கள். அன்றைக்கு ஷார்ஜாவுக்குப் பஸ் ஏறி, ரோலா பஜாரில் ஒரு கடையில் உட்கார்ந்து மட்டன் பிரியாணி தின்றேன். இறங்காது என்று நினைத்தேன். நன்றாக இறங்கியது.