கலியாண வீடெல்லாம் சொன்ன பெயர்

செய்தி வந்தபோது நான் சிஞோராவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலிய அம்மா அவர். பலேர்மோவின் பலாரோ சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, உங்கட மருதோன்றி மனிசி போயிட்டாவாம். நித்திரையிலேயே போயிட்டாவாம்." நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மற்றக் காலுக்கும் காலுறையை மாட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு சிஞோரா என்ன என்று கேட்டார். அக்கா செத்துப்போனார் என்றேன். "உனக்கு இங்கே அக்கா இருந்தாரா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். இருந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பலேர்மோவில் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்த தமிழ் வீடுகளில் மப்ரூக்காவை அறியாதவர்கள் குறைவு. தூனிசியாவின் ஜெர்பா தீவிலிருந்து வந்தவர். சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாப் பகுதியில், என் அறைக்கு எதிர்ச்சந்தில் தனியாக இருந்தார். அரபுப் பெண்களை மணப்பெண்ணாகச் சோடிப்பது அவர் தொழில். பிறகு நம்மவர்களும் மருதோன்றி போட அவரையே கூப்பிட்டார்கள். உங்கள் மகளின் கலியாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை நடுவில் சிறிய மீன் ஒன்று இருந்தால் அது அவர் கை.

நாங்கள் பழகியது என் அசட்டுத்தனத்தால். நான் இந்த ஊருக்கு வந்த புதிது. சந்தில் ஒரு மணப்பெண்ணை மேளத்தோடு அழைத்துப் போனார்கள். எல்லாரும் அவளைப் பார்த்து "மப்ரூக், மப்ரூக்" என்று கூவினார்கள். பெண்ணின் பெயர் அதுதான் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் பக்கத்தில் போய் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், "மப்ரூக், நீ வலு வடிவாயிருக்கிறாய்" என்றேன். பெண் சிரித்துக்கொண்டே பின்னால் நின்ற பருத்த அம்மாவைக் காட்டினாள். அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். மப்ரூக் என்றால் வாழ்த்தாம். மப்ரூக்கா என்பது அவர் பெயராம்.

நாங்கள் கதைத்தது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இத்தாலியனில். அவர் சொன்னவற்றை என் மட்டக்களப்புப் பேச்சிலேயே எழுதுகிறேன், மனதில் அப்படித்தான் கேட்கிறது. சந்தையில் கேட்டுப் பழகிய 'அக்கா' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் எந்தத் தமிழ்ப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார். நானும் அவரை அக்கா என்பேன். இரண்டு பேருமே அக்கா, தங்கச்சியாக இருக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. அன்றே, அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, அவர் சொன்னார்: "எல்லாக் கலியாண வீட்டிலயும் என்ட பேரைத்தான் கத்துறாங்க அக்கா. எனக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்ல." அவர் கலியாணம் கட்டாதவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பாடு. மீன் பொரிக்கும்போது மீன் கதைதான் வரும். அவர் தாய் அந்தத் தீவின் பழங்குடியான பெர்பர் இனம், மண்பாண்டம் செய்யும் ஊர்க்காரி. தகப்பன் அரபு. தெருவில் நகை செய்பவர்கள் யூதர்கள். கலியாணத்தில் பெர்பர் பெண்ணைச் சிவப்புத் துணியால் மூடி ஒட்டகத்தின் மேல் கூண்டில் ஏற்றிக் கொண்டுபோவார்களாம். அரபுப் பெண் கண்ணை மூடி, மருதோன்றிக் கையை விரித்துக் காட்டியபடி மெதுவாகச் சுற்றுவாளாம். யூத வீட்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு மீன் கொடுப்பார்கள், முதலில் வெட்டி முடிப்பவர் சொல்தான் வீட்டில் எடுபடும். "கத்தியில கள்ளம் செய்வாங்க அக்கா. ஒண்டு மொட்டைக் கத்தி." எங்களிடம் குடத்துக்குள் மோதிரம் போட்டு எடுக்கவிடுவார்கள் என்றேன். "அதிலயும் கள்ளம் இருக்குமே?" என்றார். இருக்கும் என்று ஒத்துக்கொண்டேன். "மூண்டு வீட்டுக்கும் நடையுடை வேற, மருதோன்றியும் சத்தமும் ஒண்டுதான்" என்பார்.

அந்தச் சத்தம்தான் எங்களை இறுக்கிக் கட்டிப்போட்டது. நாக்கை அசைத்து நீளமாக எழுப்பும் அதை அவர்கள் ஸகாரீத் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் குரவை. அம்மன் கோயிலிலும் போடுவோம், கலியாண வீட்டிலும் போடுவோம். சோனக முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. இங்கே பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சனம், அவர்களிடம் அந்தப் பழக்கம் இல்லை.

நகரோரப் பிரான்காச்சோவில், பழைய பட்டறை ஒன்றை மண்டபமாக்கியிருந்த இடத்தில் ஒரு கலியாணம். நான் பின்வரிசையில் இருந்தேன். போர் முடிவதற்குள் மனிசனை இழந்தவள் நான், என் இடம் அது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாலி கட்டும்போது, மேளச் சத்தத்துக்கு மேலே, பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற மப்ரூக்கா ஸகாரீத் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் வாய் என்னைக் கேளாமலே திறந்தது. பின்வரிசையிலிருந்து குரவை போட்டேன். ஊரை விட்டு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தாலி கட்டேக்கை உவ ஏன் சத்தம் போடுறா? உவவுக்கு மனிசன் இல்லையெல்லே" என்று ஒரு பெரியம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது. செத்துவிடலாம் போலிருந்தது. மப்ரூக்காவுக்குத் தமிழ் விளங்காது. புதையல் கண்டெடுத்த மாதிரி அவர் ஓடி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அந்தப் பிள்ளை தங்கமானவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விளக்கம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எங்கட தெருவில யூத வீட்டுக் கலியாணத்துக்கும் சத்தம் போட என்ட உம்மாவைத்தான் கூப்பிடுவாங்க. உம்மா விதவை. சத்தத்துக்கு ஏது புருசன்?" என்றார். பிறகு, "ஆனா ஒருத்தி போட்டா அது வெறும் சத்தம் அக்கா. இன்னொருத்தி அதை வாங்கித் திருப்பிப் போட்டாத்தான் கலியாணம். இந்த ஊரில இவ்வளவு காலமும் நான் தனியத்தான் போட்டன்" என்றார். பஸ் இறங்கும்வரை என் கையை அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், மருதோன்றி அரைத்துக்கொண்டே சொன்னார். அவர் தாயின் ஊரில் கலியாணம் காணாமல் ஒரு பெண் செத்தால், கைக்கு மருதோன்றி வைத்து, ஸகாரீத் போட்டுத்தான் வழியனுப்புவார்களாம். "குமருக்குத்தான் அது. கிழவியான குமருக்கு ஆர் போடுவா?" என்று சிரித்தார். "நான் போடுறன்" என்றேன். அவர் அரைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அவர் போன செய்தி கேட்டு ஜெர்பாவிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்தான். மரியாதையான பையன். வழியனுப்பும்போது குரவை போடலாமா என்று நான் கேட்டபோது, "வேண்டாம் ஆன்ட்டி, அதெல்லாம் பழைய பெர்பர் வழக்கம். மார்க்கத்தில் இல்லை. அமைதியாக ஊருக்குக் கொண்டுபோகிறோம்" என்றான். அவன் மேல் பிழை இல்லை. குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்: விரல் நுனியெல்லாம் மருதோன்றிச் சிவப்பாம், எவ்வளவு கழுவியும் போகவில்லையாம். அந்த வாரம்தான் ஒரு மணப்பெண்ணுக்குப் போட்டிருந்தார். அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சத்தம்தான் பாக்கி.

தூனிசியாக் கப்பல் வெயில் சாயும் நேரத்தில் புறப்பட இருந்தது. நான் துறைமுகத்துக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள், கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். வாகனங்கள் வரிசையாகக் கப்பலின் வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. மேலே கட்டில், மெத்தை, சைக்கிள் எல்லாம் கட்டிய கார்களுக்கு நடுவே அவர் போன கறுப்பு வண்டி. வேலிக்கு இந்தப் பக்கம் அவரைத் தெரிந்தவர் என்னைத் தவிர எவரும் இல்லை. மணப்பெண்ணை அழைத்துப் போவதென்றால் எத்தனை சனம் கூடும் என்று நினைத்தேன், அழுகை வந்தது. அழுதால் தொண்டை அடைத்துவிடும். விழுங்கிக்கொண்டேன்.

வண்டி கப்பலுக்குள் ஏறும்போது குரவை போட்டேன். துறைமுக வேலையாள் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். கப்பல் பக்கமிருந்து எந்தக் குரலும் வரவில்லை. வாங்குவதற்கு ஆளில்லாத குரவை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் இத்தனை காலம் அப்படித்தான் போட்டிருக்கிறார். மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை போட்டேன். முதலாவது என்னுடையது, இரண்டாவது அதை வாங்கியது. பிறகு, எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லப்பட்டு அவருக்கு மட்டும் சொல்லப்படாத அந்தச் சொல்லைச் சொன்னேன். "மப்ரூக், மப்ரூக்கா."

தம்பி மகன் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அவருடைய மருதோன்றிக் கிண்ணம், வெள்ளி வளையல், எதையும் நான் எடுக்கவில்லை. அறைக்குத் திரும்பி வந்தபோது தொண்டை நொந்தது. ஞாயிறு வரைக்கும் அந்த நோவு இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சுடுதண்ணீர் கூடக் குடிக்கவில்லை. இப்போது அதுவும் மாறிவிட்டது. என்னிடம் இருப்பது அவர் பின்வரிசையிலிருந்து பிடித்து இழுத்துத் தந்த சத்தம் மட்டும்தான். அடுத்த கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். நான் போடுவேன். உங்களில் யாராவது ஒருத்தி வாங்க வேண்டும்.