எனக்கு நானே எடுத்த ரத்தம்

அலாரத்தை அணைக்க வலப்பக்கம் திரும்பினேன். மின்விசிறி அது இருந்த இடத்தில் இல்லை. சுவர் ஓடியது, சுவரின் பின்னாலேயே ஜன்னலும் ஓடியது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம்கூட இருக்காது, எல்லாம் திரும்பி வந்து அதது இடத்தில் நின்றுகொண்டது. என்னோடு அறையில் தங்கியிருப்பவனுக்கு ஷிப்ட் வேலை. நான் இருக்கும்போது அவன் இருக்க மாட்டான், அவனுடைய ஈரத்துண்டு மட்டும் கொடியில் தொங்கும். அன்று காலை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு, எழுந்து நிற்கப் பயந்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீஷியன். வெயில் ஏறுவதற்குள் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வந்துவிடுவேன். பிறகு மாலை வரை ஜன்னல் இல்லாத பின்னறையில், டியூப் லைட்டுக்குக் கீழே, இயந்திரங்களோடு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளில் கூலி வேலை செய்கிறார்கள். அப்பா மரம் வெட்டுவார், அம்மா கிளை கழித்துக் கட்டு கட்டுவாள். "வெயில் படாத வேலையா பாத்துக்கடா" என்பதைத் தவிர அம்மா எனக்கு எதுவும் சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் முன்கையைத் தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள். "பாத்தியா, எம்மாம் வெளுத்துட்டான். ஆபீசர் கணக்கா கீறான்" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டுவாள்.

தலைசுற்றல் இரண்டாவது முறை வந்தது திருக்கழுக்குன்றத்தில், ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டில். அவருக்கு ரத்தம் எடுத்து ஊசியை வெளியே இழுத்துப் பஞ்சு வைத்துவிட்டேன். ரத்தம் நிரம்பிய டியூப் கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தரை சாய்ந்தது. கைக்கு அகப்பட்டது பெரியவரின் முழங்கால்தான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, ரத்தம் எடுத்தது எனக்கா, உனக்கா?" என்றார்.

நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கு எடுக்க வேண்டியிருந்தது. தெருமுனையில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்து, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஊசி உள்ளே இருந்த நேரத்தில் இது வந்திருந்தால்? அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. நிலையத்துக்குப் போன் செய்து வண்டி பஞ்சர் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

உண்மையைச் சொன்னால் என் கையிலிருந்து ஊசியை வாங்கிவிடுவார்கள். நான் கற்ற வித்தை அது ஒன்றுதான். அகப்படாத நரம்பையும் விரல் நுனியில் தேடிப் பிடித்துவிடுவேன் என்று அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஊசி இல்லையென்றால் நான் வெறும் ஆள்.

ஆகவே யாரிடமும் சொல்லாமல் ரத்தத்திடமே கேட்பது என்று முடிவு செய்தேன். ரத்தத்தில் எல்லாமே தெரிந்துவிடும் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். ஒரு மதியம், கவுன்டரில் இருக்கும் அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். இடது கையில் ரப்பர் பட்டையைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கி, வலது கையால் எனக்கு நானே எடுத்துக்கொண்டேன். வலிக்கவில்லை. ஆனால் கணினியில் நோயாளியின் பெயர் இல்லாமல் டியூபுக்கு லேபிள் வராது. ஒரு பெயரைக் கற்பனையாகப் போட்டேன், என் வயதைப் போட்டேன், ஊர் படூர் என்று போட்டேன். போன் எண்ணாக, ஊரில் மட்டும் தெரிந்த என் இரண்டாவது சிம்மின் எண்ணைக் கொடுத்தேன். உறவினர் எண் என்று ஒரு கட்டம் இருந்தது, அதைக் காலியாக விட்டால் கணினி நகரவில்லை. அதிலும் அதே எண்ணை அடித்தேன். கட்டணத்தையும் கட்டிவிட்டேன்.

சர்க்கரை சரியாக இருந்தது. ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு எல்லாமே சரி. ஒவ்வொரு முடிவாகத் திரையில் வரவர எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வைட்டமின் டி மட்டும் சென்னைக்குப் போய் மறுநாள் வந்தது. இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டியது ஆறுதான் இருந்தது.

முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற மருத்துவர் அம்மா அந்த இடத்தில் நிறுத்தினார். "யார் இது? இருபத்தஞ்சு வயசு. வெயிலே படாம எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"தெரியல மேடம். டாக்டர் சீட்டு இல்லாம தானா வந்தவர்."

"கூப்பிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னும் கேளுங்க."

எங்கள் நிலையத்தில் அது வழக்கம். முடிவு மோசமாக இருந்தால் காகிதத்தைக் கொடுப்பதோடு விடுவதில்லை, ஆளைக் கூப்பிட்டுப் பேசி, பேசியதை நோட்டில் எழுத வேண்டும். கவுன்டர் அக்கா எண்ணை அழுத்தினார். என் கோட்டுப் பையில், சத்தம் இல்லாமல், போன் அதிர்ந்தது. அக்காவுக்கு மூன்றடி தள்ளி நின்று டியூப்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"எடுக்க மாட்றாம்பா" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார்.

மறுநாளும் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அது என் விலா எலும்பில் நடுங்கி அடங்கும். மூன்றாம் நாள் ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னார்: "பாவம் யாரு பெத்த புள்ளயோ. சொந்தக்காரங்க நம்பர்லயும் அவன் நம்பரே போட்டுக்கீறான் பாரு. அவன வுட்டா அவனுக்கு ஆளே இல்ல போல."

நான் பின்னறைக்குப் போய்விட்டேன். அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.

அன்று பிற்பகலில் ஒரு பெண் தன் குழந்தையோடு வந்தாள். அழுது அழுது அவன் முகம் சிவந்திருந்தது. அவள் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ஒரே குத்துல எடுத்துடுங்கண்ணா" என்றாள். பட்டையைக் கட்டினேன். நரம்பு விரலுக்குத் தெரிந்தது. ஊசியின் மூடியைக் கழற்றிக் குனிந்தேன். எதுவும் சுற்றவில்லை. ஆனால் சுற்றுமா, சுற்றுமா என்று கேட்டுக்கொண்டே குனிந்திருந்தேன். இந்தக் கையை நம்பித்தான் அவள் குழந்தையை நீட்டியிருக்கிறாள். ஊசியைத் தட்டில் வைத்தேன். பட்டையைத் தளர்த்திவிட்டு உள்ளே போனேன்.

"மேடம், போன் எடுக்காத அந்த ஆள் நான்தான். எனக்குத் தலை சுத்துது. நான் குழந்தைக்குக் குத்தக் கூடாது."

 மேடம் எழுந்து வந்து, கை கழுவி, குழந்தைக்குத் தானே எடுத்தார். அவர்கள் போன பிறகுதான் திட்டினார்.

"தலைசுத்தல் யாருக்கும் வரும். பொய்ப் பேர்ல டியூப் போடலாமா? லேபிள்ல இருக்குற பேரை நம்பித்தானேய்யா நான் கையெழுத்துப் போடறேன்? இதுக்கா படிச்ச?"



அவரே காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்து என்னை அனுப்பினார். அந்த மருத்துவர் என் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை மேசையில் உட்கார வைத்தார். தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று பின்னால் படுக்க வைத்தார். அறை சுழன்றது. "கண்ணை மூடாதே, அது ஆடறதைத்தான் பார்க்கணும்" என்றார். பிறகு மெதுவாகத் தலையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். காதுக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம். அவை இடம் பெயர்ந்து போகக்கூடாத குழாயில் விழுந்தால் இப்படித்தான் சுற்றுமாம்.

"வைட்டமின் டி குறைஞ்சதாலயா சார்?"

"சிலருக்கு ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம். உனக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரை தரேன், வெயில்லயும் கொஞ்சம் நில்லு. இதைப் போய் ரத்தத்துல தேடிகிட்டிருந்தியா?" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் சுற்றாமல் இருந்தால்தான் ஊசியைத் தொடலாம் என்றார் மேடம். என்னைக் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். முதல் வேலையாக, அக்கா பக்கத்தில் நிற்க, பதிவில் என் பெயரைத் திருத்தினேன். உறவினர் எண் கட்டத்தில் கை நின்றது.

"போடு. என்னால இன்னொரு தபா ஊமை போனோட பேச முடியாது" என்றார் அக்கா.

அம்மாவின் எண்ணைப் போட்டேன். திருத்திய ரிப்போர்ட் இரண்டு எண்களுக்கும் தானாகப் போகும் என்பதை மறந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் என் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"டேய், போன்ல இன்னாமோ வந்துக்கீது. கூட வேல செய்ற பக்கத்து வூட்டுப் பொண்ணு பாத்துட்டு உன் பேரு போட்டு ரத்தம்னு கீதுன்னு சொல்லுது. இன்னாடா ஆச்சு உனக்கு?"

சொன்னேன்.

"தல சுத்துனா பித்தம்டா. எலுமிச்சம்பயம் புழிஞ்சி குடி."

"பித்தம் இல்லம்மா. காதுல கோளாறு, சரி பண்ணிட்டாங்க. அதோட ஒடம்புல வெயில் பத்தலையாம்."

அந்தப் பக்கம் சவுக்குக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. 

"நாந்தான வெயிலு வாணான்னு சொன்னேன்."

"அதெல்லாம் இல்லம்மா."

"செரி, அதுல இன்னா எயுதிக்கீதோ எல்லாத்தயும் படி."

"எல்லாம் இங்கிலீஷும்மா."

"படிடா. அதுக்குத்தான உன்ன படிக்க வெச்சேன்."

போனிலேயே ரிப்போர்ட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். "ஹீமோகுளோபின்."

"அது இன்னா?"

"ரத்தத்த செவப்பா வெச்சிருக்குறது."

"நல்லாக்கீதா?"

"நல்லாக்கீது."

சோடியத்தை உப்பு என்று சொன்னேன். பொட்டாசியத்துக்குத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியாமல் அதுவும் ஒரு உப்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் நல்லாக்கீதா என்று கேட்டு, நான் பதில் சொன்ன பிறகே அடுத்த வரிக்கு விட்டாள். கடைசி வரியான வைட்டமின் டி-க்கு மட்டும் கேட்கவில்லை.

"எங்க நின்னு பேசற?"

"வெளிய."

"வெயில்லயா?"

"ஆமா."

"நில்லு" என்றாள். "தலையில மட்டும் துண்டப் போட்டுக்கினு நில்லு."