ஊதாவாகும் வெற்றுக் குழாய்

திருப்பதியில் ஒரு வேளாண் ஆய்வகத்தில் பத்மினி ஒப்பந்தப் பணியாளர். நிலக்கடலை வயல்களின் மண்ணில் அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறதென்று அளப்பது அவள் வேலை. மண்ணை உப்புக் கரைசலில் குலுக்கி வடிகட்டி, அந்நீரில் நின்ஹைட்ரின் என்ற மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம் எழும். நிறத்தின் அடர்த்தியே அளவு; அதை ஒரு கருவி காட்டும். மண் சேராத ஒரு குழாயையும் உடன் வைப்பார்கள். 'பிளாங்க்' என்று அதற்குப் பெயர். அது வெளிர்மஞ்சளாகவே இருக்க வேண்டும். பத்மினியின் பிளாங்க் முன்பெல்லாம் இலேசாகவும் இந்த வாரம் நன்றாகவும் ஊதாவாகிக்கொண்டிருந்தது.

கணவன் ஏழுமலை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பக்கத்துச் சத்தியவேட்டில் நண்பர்களோடு ஓர் அறையில் வாசம். இவள் திருப்பதியில் மகளிர் விடுதியில். கல்யாணமான நாளிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைத் தம்பதியர். இப்போது ஸ்ரீ சிட்டியின் ஓர் உணவுத் தொழிற்சாலை தன் பரிசோதனைக் கூடத்துக்கு இவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் அனுபவச் சான்றிதழோடு சேர்ந்துவிட வேண்டும்.

"பிளாங்க் சரியா வரட்டும்மா. அன்னிக்கே கையெழுத்து போடறேன்" என்றார் துறைத்தலைவர் தேவேந்திரன். நீரை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். ஊதா மாறவில்லை.

"இன்னாம்மே, உன் பாட்டிலு இன்னும் கலர் மாறிக்கினே கீதா?" என்று போனில் கேட்டான் ஏழுமலை. "இங்க நான் வூடு பாத்துக்கினு கீறேன்."

"சிரிக்காத மாமா. எனக்கு அழுகையா வருது."

"அழுது அதுலயும் ஊத்திடாத."

வெள்ளிக்கிழமை காலை, கையுறையின் விரல்நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பத்மினி கண்டாள். கண்மை. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் தந்தை கங்கையா, பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய காலத்திலும், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் களைக்கொத்தைக் கையில் எடுத்ததில்லை. அந்தப் பழக்கம் மகளுக்கும் வந்திருந்தது. கையுறை மாட்டியதும் கருவியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வாள். பிறகு அதே விரல்களால் குழாய்களின் வாயைப் பிடித்து மூடுவாள். மனித வியர்வையிலும் கண்ணீரிலும் அமினோ அமிலம் உண்டு. அது கலக்கக் கூடாதென்றுதான் கையுறையே அணிகிறார்கள்.

புதுக் கையுறை மாட்டி, கண்ணருகே கையைக் கொண்டுபோகாமல் மீண்டும் செய்தாள். பிளாங்க் மஞ்சளாகவே நின்றது. குழாயை ஏந்திக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்கு ஓடினாள். காரணத்தையும் மகிழ்ச்சியில் சொல்லிவிட்டாள்.

தேவேந்திரன் முதலில் சிரித்தார். "மெஷினுக்கே கும்பிடா!" பிறகு அவர் முகம் மாறியது. "எப்பலேர்ந்து இப்படிக் கும்பிடறே?"

இந்த வாரந்தான் என்று சொல்லியிருக்கலாம். "சேர்ந்த நாள்லேர்ந்து சார்" என்றாள்.

"தண்ணியில கோளாறுன்னா எல்லாக் குழாயிலயும் ஒரே அளவு ஏறியிருக்கும், கழிச்சிட்டுப் போயிருப்பேன். இது கை. எதுல எவ்வளவு பட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? ஃப்ரீசர்ல இருக்கிற மண்ணையெல்லாம் திரும்ப அளக்கணும்மா."

"சர்ட்டிபிகேட் சார்?"

"நீ எதை அளந்தேன்னு நான் எழுதட்டும்?"



அன்றிரவு போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான் ஏழுமலை. "அவரு கேட்டாரா, நீயா சொன்னியா?"

"நானாத்தான்."

"வூட்டுக்காரனுக்கு இன்னா சொல்றது? அட்வான்ஸ் குடுக்கப் போய்க்கினு இருந்தேன்." பிறகு, "சரி, துன்னியா?" என்றான். அவள் இல்லை என்றாள்.

திங்கட்கிழமை காலை, விடுதி வாசலைத் தாண்டிச் சத்தியவேட்டுப் பேருந்து போனது. பத்மினி ஆய்வகத்துக்குச் சென்று ஃப்ரீசரைத் திறந்தாள். உறைந்த மண் பைகள் கதவுவரை அடுக்கியிருந்தன. முதற்பையை எடுத்து வைத்துக் கையுறை மாட்டினாள். கை தானாகக் கருவியைத் தொட்டு முகத்தை நோக்கி எழுந்தது. பாதியில் நிறுத்தினாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், அந்தரத்தில் பிடித்தபடியே சிறிதுநேரம் நின்றாள்.